பிரியாணி குறித்த முன்னறிவிப்பு

இப்போதெல்லாம் மழைக்கு நிறம் வந்துவிட்டது. மஞ்சள் என்கிறார்கள், ஆரஞ்சு என்கிறார்கள், சிவப்பு என்றால் பள்ளிக்கூடம் லீவு. திண்டிவனத்தில் என் எதிர்வீட்டில் ஒரு டீச்சர் இருக்கிறார். ஐப்பசி பிறந்துவிட்டால் கோலப்பொடியோடு வாசலுக்கு வரும்போதே என் வீட்டைப் பார்த்து, “மேடம், இன்னிக்கு ரெட்டா?” என்பார். அந்தக் குரலில் இருக்கும் ஆசை அவரிடம் படிக்கும் பிள்ளைகளுக்குக்கூட இருக்காது. நான் ஓய்வு பெற்றுவிட்டேன், எனக்கு ஒன்றும் தெரியாது என்றால் நம்புவதில்லை. தெரிந்துகொண்டே மறைக்கிறேன் என்று தெரு முழுக்க ஒரு பேச்சு.

நான் வேலை பார்த்த வானிலை அலுவலகத்தில் ஆண்டு மலர் போடுகிறார்களாம். அங்கிருக்கும் இளசுகள் போன் செய்து ஒரு கட்டுரை கேட்டார்கள். “அறிவியல்பூர்வமா எழுதுங்க மேடம், சாட்டிலைட் படம் நாங்க சேத்துக்கறோம்” என்றார்கள். படமும் அவர்களிடம் இருக்கிறது, அறிவியலும் அவர்களிடம் இருக்கிறது. என்னிடம் மிச்சம் இருப்பது வம்புதான். அதையே எழுதிவிடுகிறேன்.

நான் கிளியனூர்க்காரி. மல்லாட்டையும், அதாவது வேர்க்கடலையும், கேப்பையும் போடும் குடும்பம். பரீட்சை எழுதினேன், வேலை கிடைத்தது, வடக்கே பயிற்சிக்கு அனுப்பினார்கள், சப்பாத்தி தின்னக் கற்றுக்கொண்டு திரும்பி வந்தேன். சில வருடம் பலூன் விட்டேன். பலூனில் ஒரு சிறு கருவியைக் கட்டி மேலே அனுப்புவோம்; அது வெடித்துக் கருவி எங்கேயாவது விழும். ஒருமுறை பெருமுக்கல் பக்கம் விழுந்த பெட்டியை வெடிகுண்டு என்று பயந்து வைக்கோல் போரில் புதைத்துவிட்டார்கள். வைக்கோலில் புதைத்தால் வெடிக்காது என்று யார் சொன்னார்களோ. அதன் பிறகு என்னை முன்னறிவிப்புப் பிரிவுக்கு மாற்றினார்கள். ஆங்கிலத்தில் வரும் புயல் அறிக்கையைத் தமிழில் எழுதுவது, ரேடியோவுக்கும் கலெக்டர் ஆபீசுக்கும் போனில் வாசிப்பது, இதுதான் ஓய்வு பெறும்வரை என் வேலை.

என் அப்பாவுக்கு இது ஒரு வேலையாகவே படவில்லை. மழை வரும் என்று தவளைகூடச் சொல்கிறதே என்பார். ஆனாலும் நான் எழுதிய அறிக்கையை ரேடியோவில் முதன்முதலாகக் கேட்டவர் அவர்தான். கேட்டதும் போன் செய்தார். “ஏம்மா, காத்தழுத்தத் தாழ்வு மண்டலம்னு சொல்றானே. ஒரு மண்டலம்னா நாப்பத்தெட்டு நாளாச்சே. மல்லாட்டைய புடுங்கட்டுமா வேணாமா?” அது கார்த்திகை மாதம். தெருவில் பாதிப் பேர் ஐயப்பனுக்கு மாலை போட்டுக்கொண்டு மண்டல விரதத்தில் இருந்தார்கள். மனிதர் மேல் தப்பே இல்லை.

இதை நான் சிரித்துக்கொண்டே என் மேலதிகாரி வரதன் சாரிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. “நாம ஒரு வார்த்தை எழுதறோம், அவங்க வேற வார்த்தை கேக்கறாங்க” என்று சொல்லிவிட்டு மூக்குக்கண்ணாடியைத் துடைக்கப் போய்விட்டார்.

வரதன் சாரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். அறிக்கையை எழுதி நீட்டினால் நாற்காலியிலிருந்து எழுந்து நிற்பார். நின்றபடியே, சன்னலைப் பார்த்து, சத்தமாக வாசிப்பார். சன்னலுக்கு வெளியே ஒரு வேப்பமரம். அதற்குக் காது கேட்காது என்பதுபோல ஒவ்வொரு சொல்லையும் நிறுத்தி வாசிப்பார். கையில் சிவப்புப் பென்சில். ‘பயங்கர’ என்று இருந்தால் ஒரு கோடு. ‘கோர’ என்று இருந்தால் இரண்டு கோடு. ஒருமுறை நான் ஆர்வக்கோளாறில் ‘தாண்டவம்’ என்று எழுதிவிட்டேன். பென்சிலைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். “தாண்டவம் ஆடறது சிவன். புயல் நகரும். அவ்வளவுதான்” என்றார்.

அவர் உயிரைக் கொடுத்துக் காப்பாற்றிய சொல் ‘கூடும்’. மழை பெய்யாது, பெய்யக்கூடும். காற்று வீசாது, வீசக்கூடும். அது அலுவலகத்தோடு நின்றிருந்தால் பரவாயில்லை. கல்யாணப் பத்திரிகை கொடுத்தால், “குடும்பத்தோட வரக்கூடும்மா” என்று வாங்கிக்கொள்வார். அவர் வீட்டம்மா ஒருநாள் என்னிடம், “சாம்பார்ல உப்பு எப்படி இருக்குன்னு கேட்டா, கூடுதலா இருக்கக்கூடும்ங்கறார். தலைவிதி” என்று அழாத குறையாகச் சொன்னார்கள்.

ஆனால் அவர் சொன்னது உண்மை. நாங்கள் எழுதும் சொல் ஒன்று, ஊரில் கேட்கும் சொல் வேறு. ‘மரக்காணம் அருகே’ என்று எழுதுவோம். மரக்காணத்துக்காரர்கள் ‘அருகேதானே, இங்க இல்லையே’ என்று நிம்மதியாகப் படுத்துவிடுவார்கள். பக்கத்துக் குப்பத்துக்காரர்கள் ‘மரக்காணத்துக்குத்தானே, நமக்கு இல்லையே’ என்பார்கள். ஆக எங்கள் புயல்கள் எல்லாம் ஆளே இல்லாத ஊரில்தான் அடித்துக்கொண்டிருந்தன.

இந்தச் செய்தியையெல்லாம் எனக்குக் கொண்டுவந்து சேர்ப்பவள் அஞ்சலை. மரக்காணத்துக்குத் தெற்கே ஒரு குப்பத்தைச் சேர்ந்தவள். சின்ன வயதில் அவள் அம்மாவோடு கருவாட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு கிளியனூருக்கு வருவாள். எங்கள் வீட்டில் மல்லாட்டை வாங்கிக்கொண்டு கருவாடு கொடுப்பார்கள். பெரியவர்கள் அளந்து முடிப்பதற்குள் நாங்கள் இருவரும் ஒரு சண்டை போட்டு முடித்திருப்போம். பிறகு அவளுக்குக் கல்யாணம், மகன், மருமகள். எனக்கு வேலை. ஆனாலும் கடலில் ஏதாவது கிளம்பினால் அவள் போன் வந்துவிடும். “யக்கா, உன் ஆபீசுல இன்னா சொல்றாங்க? தமிழ்ல சொல்லு” என்பாள். நான் எழுதியதும் தமிழ்தான் என்று பலமுறை சொல்லிப் பார்த்துவிட்டேன்.

இனி அந்தப் புயல். எத்தனையோ புயலுக்கு அறிக்கை எழுதியிருக்கிறேன். இன்றுவரை மறக்காதது அது ஒன்றுதான்.

அது எல்லோருக்கும் தெரிந்த வழியில்தான் வந்தது. நாங்கள் சொன்ன இடத்துக்கு, சொன்ன நேரத்தை ஒட்டி வந்தது. முதல்நாளே குப்பத்து மக்களைப் புயல் பாதுகாப்பு மையத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். தூண் வைத்து உயரமாகக் கட்டிய கட்டடம். ‘புயல் பில்டிங்’ என்பார்கள். விடியும்போது மையப்பகுதி கரையைத் தாண்டி உள்ளே வந்தது. அறிக்கையில் நான் எழுதினேன்: ‘புயல் மரக்காணம் அருகே கரையைக் கடந்தது.’

எழுதிய பிறகுதான் எனக்கு உறைத்தது. எங்கள் பக்கத்தில் ‘கடந்துச்சி’ என்றால் போய்விட்டது என்று பொருள். கண்டம் கடந்துவிட்டது, ஆபத்து கடந்துவிட்டது, அதுபோல. புயல் கரையைக் கடந்தது என்று கேட்டால் எங்கள் ஆட்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பிவிடுவார்கள். வரதன் சாரிடம் சொன்னேன்.

“கடந்ததா இல்லையா?” என்றார்.

“கடந்தது சார். ஆனா போகல சார். உள்ள வந்திருக்கு.”

அவர் பென்சிலைக் கடித்துக்கொண்டு யோசித்தார். ‘கரையேறியது’ என்று போடலாமா என்று கேட்டார். எனக்கு அந்த நேரத்திலும் சிரிப்பு வந்துவிட்டது. பொண்ணு கரையேறிட்டாள் என்றால் கல்யாணம் முடிந்து நிம்மதி என்று அர்த்தமாச்சே சார், புயலுக்கு மாலை போடக் கிளம்பிவிடுவார்கள் என்றேன். ரேடியோக்காரர் லைனில் காத்திருந்தார். கடைசியில் ‘கடந்தது’ அப்படியே இருக்க, அதன் கீழே, ‘புயல் உள்பகுதியில் நிலைகொண்டுள்ளது, கனமழை தொடரக்கூடும், தாழ்வான பகுதிகளில் இருப்பவர்கள் வீடு திரும்ப வேண்டாம்’ என்று சேர்த்து அனுப்பினோம். அறிக்கை சரியாகத்தான் போனது. ஆனால் டிவியில் கீழே ஓடும் வரியில் எவ்வளவு எழுத்து பிடிக்கும்? முதல் வாக்கியம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

காலை எட்டரைக்கு மழை அளவு எடுப்பது எங்கள் வழக்கம். அதற்குப் பிறகு ஊர் ஊராகப் போன் வரும். திண்டிவனத்துக்காரர், மழைமானியின் குப்பி நிரம்பி வெளிக்கூட்டிலும் வழிந்துவிட்டது, எதை அளக்கட்டும் என்றார். பெருமுக்கல் பக்கத்திலிருந்து வந்த போனில் மழைச் சத்தம்தான் கேட்டது, ஆள் சத்தம் கேட்கவில்லை. புயல் திண்டிவனத்துக்கும் கிளியனூருக்கும் மேலே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டது. நகரவேயில்லை.

எனக்குக் கழுவெளி ஞாபகம் வந்தது. எங்கள் பக்கத்து ஏரிகள் எல்லாம் வழிந்து கடைசியில் போய்ச் சேரும் பெரிய சதுப்பு அது. அஞ்சலையின் குப்பம் அதற்கும் கடலுக்கும் நடுவில், ஒரு மணல் மேட்டில் இருக்கிறது. முன்னால் கடல், முதுகுக்குப் பின்னால் கழுவெளி. கிளியனூரில் கொட்டும் தண்ணீர் அவள் வீட்டுக் கொல்லைப்பக்கமாகத்தான் கடலுக்குப் போக வேண்டும். ஆனால் கடற்கரைக்காரர்கள் ஆபத்து என்றால் கிழக்கேதான் பார்ப்பார்கள்.

கலெக்டர் ஆபீசுக்குச் சொன்னோம். அவர்களும் உடனே ஆள் அனுப்பினார்கள். சாலையெல்லாம் மரம் விழுந்து ஜீப் நடுவழியில் நிற்கிறது என்று தகவல் வந்தது. வரதன் சாரிடம் போய், நான் குப்பத்துக்கு நேரே போன் பண்ணட்டுமா என்று கேட்டேன். விதிப்படி நாங்கள் பொதுமக்களிடம் தனித்தனியாக முன்னறிவிப்புச் சொல்லக்கூடாது. அவர் எழுந்து சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“போன் உங்க சொந்தப் போன். தோழிகிட்ட கருவாடு இருக்கான்னு கேக்கலாம். அதைத் தடுக்க எனக்கு அதிகாரம் இல்லை” என்றார் வேப்பமரத்திடம்.

மணி ஐந்தாறு முறை அடித்த பிறகுதான் அஞ்சலை எடுத்தாள். பின்னால் ஒரே இரைச்சல், நடுவில் ஒரு குழந்தையின் அழுகை. அவள் பேத்தி, பிறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை.

“கடந்துச்சாமே யக்கா, டிவில போட்டுட்டான். கடலும் தட்டு மாதிரி கெடக்குது. ஆம்பளைங்க படகப் பாக்கணும்னு லுங்கிய மடிச்சி கட்டிகினு நிக்கறாங்க. இந்தக் கொழந்த வேற தூளியில போட்டாதான் தூங்குவேன்னு ராத்திரியெல்லாம் பேஜாரு. நாங்களும் கெளம்பறோம்.”

“கெளம்பாத அஞ்சலை. அது கடந்து போவல. உள்ள பூந்திருக்கு. எங்க ஊரு மேல குந்திகினு கொட்டுது. அந்தத் தண்ணி முழுக்கக் கழுவெளிக்கு வந்து, உன் முதுகுப் பக்கமாதான் வரும்.”

‘பூந்திருக்கு’ என்றால் அவளுக்கு வேறு விளக்கம் வேண்டாம். வீட்டுக்குள் திருடன் பூந்தால் யாரும் பாயைச் சுருட்டிக்கொண்டு நிம்மதியாகப் போகமாட்டார்கள். எத்தனை நேரம் என்று கேட்டாள். சாயங்காலம் வரைக்குமாவது ஒருவரும் இறங்கக்கூடாது என்றேன்.

“பொம்பளைங்கள நான் நிறுத்திடுவேன். ஆம்பளைங்கள எப்டி? கடலப் பாத்துட்டு, இன்னா புயலு பிசுபிசுத்துப் போச்சின்னு சிரிச்சிகினு இருக்கறாங்க. தண்ணி வருதுன்னு சொன்னா ஒருத்தனும் குந்தமாட்டான் யக்கா.”

ஒரு நிமிடம் யோசித்தாள் போலிருக்கிறது. பிறகு, “சரி, நீ வை. நான் பாத்துக்கறேன்” என்றாள். போன் போய்விட்டது. அதோடு டவரும் போய்விட்டது.

அன்று மதியம் முழுவதும் நான் எத்தனை முறை அந்த எண்ணை அழுத்தினேன் என்று எனக்கே தெரியாது. வரதன் சார் என் மேசைப் பக்கம் வருவார், நிற்பார், திரும்பிப் போவார். மாலையில் கழுவெளிக் கரை உடைத்துக்கொண்டு தண்ணீர் கடற்கரைச் சாலைக்கு வந்துவிட்டது என்று தகவல் வந்தது. குப்பத்துக்காரர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று சொல்ல யாருமில்லை. அஞ்சலையோடு சின்ன வயதில் போட்ட சண்டையெல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது.

மறுநாள் வேறு யாருடைய போனிலிருந்தோ கூப்பிட்டாள். நலமா என்று நான் கேட்பதற்குள் சிரிக்கத் தொடங்கிவிட்டாள். எனக்கு அப்போதே பாதி உயிர் வந்துவிட்டது.

நடந்தது இதுதான். போனை வைத்த கையோடு அவள் மாடிப்படியில் ஏறி நின்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொல்லியிருக்கிறாள்: “வெதர் ஆபீசுலேர்ந்து வனஜாக்கா பேசிச்சி. மத்தியானம் எல்லாருக்கும் பிரியாணி வருதாம். மட்டன். இங்க இருக்கறவங்களுக்குத்தான்.”

இத்தனை வருடம் எங்கள் அலுவலகம் சொன்ன எதையும் அந்தக் குப்பத்து ஆண்கள் நம்பியதில்லை. கடலுக்குப் போகாதே என்றால் போவார்கள். கனமழை என்றால் குடையை வீட்டில் வைத்துவிட்டு வருவார்கள். ஆனால் வானிலை ஆபீஸ் எதற்குப் பிரியாணி போட வேண்டும் என்று அன்று ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. முதல்நாளிலிருந்து உப்புமா பொட்டலம் தின்று நொந்துபோயிருந்தார்கள். மடித்துக் கட்டிய லுங்கியை இறக்கிவிட்டு உட்கார்ந்துகொண்டார்கள். மட்டன் என்றால் எலும்பு இருக்குமா, வெங்காயப் பச்சடி உண்டா என்று கணிப்பு வேறு.

உச்சி சாய்ந்தும் வரவில்லை. அஞ்சலையின் வீட்டுக்காரருக்குப் பொறுக்கவில்லை. வண்டி வருகிறதா பார்க்கிறேன் என்று மொட்டை மாடிக்கு ஏறியிருக்கிறார். பின்னாலேயே நாலைந்து பேர். பிரியாணி வண்டி வருவதானால் மேற்கேயிருந்து, சாலை வழியாகத்தான் வரவேண்டும். அப்படியாகத்தான் அந்தக் குப்பத்து ஆண்கள் வாழ்க்கையில் முதன்முதலாகப் புயலன்று கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மேற்கே பார்த்து நின்றார்கள்.

“வருது! வருது!” என்று இவர் மேலேயிருந்து கத்தியிருக்கிறார். கீழே எல்லோரும் தட்டைத் தூக்கிக்கொண்டு படிக்கு ஓடிவந்துவிட்டார்கள்.

வந்தது தண்ணீர். சாலையை மூடிக்கொண்டு, வேலியைச் சாய்த்துக்கொண்டு, செம்மண் நிறத்தில், குப்பத்துக்குள் கொல்லைப்பக்கமாகப் பூந்தது. அவரவர் வீடு முங்குவதை அவரவர் கையில் தட்டோடு மாடியில் நின்று பார்த்திருக்கிறார்கள். ஒரு வீட்டிலும் ஆள் இல்லை.

இதை வரதன் சாரிடம் சொன்னேன். அவர் முழுவதும் கேட்டுவிட்டு உட்கார்ந்தார், கண்ணாடியைக் கழற்றினார், வெகுநேரம் துடைத்தார். பிறகு, “பிரியாணி வரக்கூடும்னு அந்தம்மா சொல்லியிருந்தா நாம தப்பிச்சிருப்போம்” என்றார். அவர் சிரித்து நான் பார்த்தது அன்று ஒருநாள்தான்.

தண்ணீர் வடிந்த பிறகு எங்கள் ஆட்கள் ஊர் ஊராகப் போய்ச் சுவரில் வெள்ளம் நின்ற தடத்தை டேப் வைத்து அளப்பது வழக்கம். அந்தக் குப்பத்துக்கு நானே கேட்டு வாங்கிக்கொண்டு போனேன். ஜீப்பிலிருந்து இறங்கியதும் சுற்றிவளைத்துவிட்டார்கள். வீட்டில் சேறு, வலை போச்சு, கட்டுமரம் எங்கே என்று தெரியவில்லை. அதையெல்லாம் விட்டுவிட்டு அஞ்சலையின் வீட்டுக்காரர் கேட்ட முதல் கேள்வி: “இன்னா மேடம், பிரியாணி இன்னும் வங்கக்கடல்லயே மையம் கொண்டிருக்குதா?” இன்னொருவர், வலுவிழந்து குஸ்காவாகிவிட்டிருக்கும் என்றார். சொல்லாத முன்னறிவிப்புக்குப் பதில் சொல்வது எங்கள் பயிற்சியில் கிடையாது.

அஞ்சலை கையைப் பிடித்து வீட்டுக்குள் அழைத்துப் போனாள். சுவரில் தடம் என் மார்புக்கு மேலே இருந்தது. டேப்பின் முனையைத் தரையில் வைக்கக் குனிந்தவள் நிமிர்ந்தபோதுதான் பார்த்தேன். விட்டத்திலிருந்து தூளி தொங்கிக்கொண்டிருந்தது. அவசரத்தில் அவிழ்க்காமல் விட்டுப்போன பழைய புடவை. மேலே முடிச்சிலிருந்து கொஞ்ச தூரம் மட்டும் அதன் நீலம் தெரிந்தது. குழந்தை படுக்கும் குழியும் அதற்கு மேலே ஒரு முழமும் சேறு காய்ந்து விறைத்துப்போய் இருந்தது.

டேப் கையிலிருந்து நழுவிவிட்டது. நான் அந்தச் சேற்றுத் தரையிலேயே உட்கார்ந்து அழுதேன். அதிகாரி என்று வந்தவள் இப்படி அழலாமா என்றெல்லாம் அப்போது தோன்றவில்லை. அஞ்சலை டேப்பை எடுத்து என் கையில் திணித்தாள்.

“அளந்துக்கோக்கா. அதுக்குத்தானே வந்த” என்றாள். அவள் குரலும் சரியாக இல்லை.

பிறகு ஆறு வருடம் வேலை பார்த்தேன். ஒவ்வொரு புயலுக்கும் அந்தக் குப்பத்திலிருந்து போன் வரும். காற்றைப் பற்றி ஒரு கேள்வி, பிரியாணியைப் பற்றி ஒரு கேள்வி. ஓய்வு பெற்றபோது அலுவலகத்தில் சால்வை போட்டு, என்னைப் பற்றி எனக்கே தெரியாத நல்ல விஷயங்களைச் சொன்னார்கள். அந்த வார ஞாயிற்றுக்கிழமை திண்டிவனத்தில் மட்டன் பிரியாணி இரண்டு அண்டா சொல்லி, வேனில் ஏற்றிக்கொண்டு குப்பத்துக்குப் போனேன். புயல் பில்டிங்கிலேயே பந்தி போட்டோம். மழையில்லை, காற்றில்லை, நல்ல வெயில். அஞ்சலையின் வீட்டுக்காரர் முதல் வாயைப் போட்டுவிட்டு, கொஞ்சம் மெதுவாக நகர்ந்து வந்திருக்கிறது, பரவாயில்லை என்றார்.

எனக்குப் பக்கத்து இலையில் யாழினி உட்கார்ந்தாள். அந்தத் தூளிக்காரி. இப்போது ஒன்றாம் வகுப்பு, முன்பல் இரண்டு இல்லை. சோற்றைக் கையால் அப்படியும் இப்படியும் தள்ளி, இலையின் அடிவரைக்கும் தேடிப் பார்த்தாள். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

“இன்னா ஆயா, முட்டையே வெக்கல?”

அஞ்சலை அவளை அதட்டினாள். நான் அதட்டாதே என்றேன். அவள் கேட்கட்டும். இன்னும் என்னென்ன வேண்டுமோ எல்லாம் கேட்கட்டும்.